கொண்டை ஊசி வளைவில் தள்ளியது யார்?

ஐயா, வணக்கம்.

போன மாதம் கொல்லிமலைக்குப் பஸ்ஸில் போனோம். காரவள்ளி தாண்டியதும் 70 கொண்டை ஊசி வளைவுகள். ஒரு வளைவில் நான் மகள்மேல் சாய்வேன், அடுத்ததில் அவள் என்மேல். பதினொன்றாம் வகுப்பு படிக்கிறாள். "இதுதாம்மா மையவிலக்கு விசை" என்றாள். அவள் நோட்டில், "மையநோக்கு விசையும் மையவிலக்கு விசையும் சமமாக, எதிரெதிராகச் செயல்படுவதால் பொருள் வட்டத்தில் சுற்றுகிறது" என்று இருக்கிறது. டியூஷனில் எழுதிப்போட்டதாம். என் கணவரோ உள்ளே இழுக்கும் விசை மட்டும்தான் உண்டு என்கிறார். அப்படியானால் என்னை வெளியே தள்ளியது யார்?

ஒரு வாசகி, நாமக்கல்

அன்புள்ள சகோதரிக்கு,

உங்களை யாரும் தள்ளவில்லை. உங்கள் கணவர் சொன்னது சரி.

முதலில் அந்த நோட்டு வரியை அடித்துவிடச் சொல்லுங்கள். ஒரே பொருள்மேல் இரண்டு விசைகள் சமமாக எதிரெதிராக இருந்தால் மிச்சம் பூஜ்யம். மிச்சம் பூஜ்யமானால் ஓடுகிற பொருள் நேர்கோட்டில்தான் ஓடும். அந்த வரி உண்மையாக இருந்திருந்தால் உங்கள் பஸ் முதல் வளைவிலேயே பள்ளத்துக்குப் போயிருக்கும். இதை மனப்பாடம் செய்யவைத்து மார்க்கும் போடுகிறார்களே என்று எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

வளைவில் நடப்பதைக் கொஞ்சம் மெதுவாகப் பாருங்கள். டிரைவர் ஸ்டியரிங்கை இடப்பக்கம் ஒடிக்கிறார். முன்சக்கரங்கள் திரும்புகின்றன. ரோடு டயரை உராய்வால் வளைவின் உட்பக்கம் தள்ளுகிறது, பஸ் திரும்புகிறது. உங்கள் உடம்போ பழைய திசையில் நேராகப் போய்க்கொண்டிருக்கிறது. இடுப்புக்குக் கீழே சீட் பிடித்து இழுத்துக்கொள்கிறது. மேலே பிடிக்க ஒன்றுமில்லை. அதனால் வலப்பக்கம் சாய்ந்து மகளின் தோளில் முட்டுகிறீர்கள். அந்தத் தோள் உங்களைத் திருப்பி உட்பக்கம் தள்ளுகிறதே, அதுதான் மையநோக்கு விசை. அது தனியாக ஒரு விசை வகை கிடையாது. பஸ்ஸுக்கு ரோட்டின் உராய்வு, கவண் கல்லுக்குக் கயிறு, நிலாவுக்குப் பூமியின் ஈர்ப்பு. உள்நோக்கி இழுக்கிற வேலையை யார் செய்தாலும் அந்தப் பெயர் அவருக்கு.

எவ்வளவு விசை? மணிக்கு 18 கிலோமீட்டர் வேகம், அதாவது நொடிக்கு 5 மீட்டர். வளைவின் ஆரம் 10 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். வேகத்தின் வர்க்கத்தை ஆரத்தால் வகுத்தால் 2.5. உடம்பு 60 கிலோ என்றால், இரண்டையும் பெருக்க 150 நியூட்டன் (விசையின் அலகு), கிட்டத்தட்ட 15 கிலோ அரிசிப் பையைத் தூக்கிப் பிடிக்கிற பலம். வேகம் 36 ஆனால் இது நான்கு மடங்காகி உங்கள் எடையையே தாண்டிவிடும். அவ்வளவு பிடிமானம் பஸ் டயருக்குக் கிடையாது. மலை ஓட்டி அனுபவப்பட்ட டிரைவர்கள் வளைவுக்கு முன்பே கியரை இறக்குவது இதனால்தான்.

சிறு வயதில் சோளக்காட்டில் பரண்மேல் நின்று கிளி விரட்டியிருக்கிறேன். கவணைச் சுழற்றி, கல் இலக்கைப் பார்த்து நிற்கும்போது கயிற்றை விடுவேன். கல் பக்கத்துக் காட்டுக்குப் போய்விடும். தாத்தா கையைப் பிடித்துக் காட்டினார்: "கல்லு பக்கவாட்டுல இருக்கறப்ப விடுடா." விட்டேன், நேராகப் போனது. வெளியே தள்ளும் விசை ஒன்று கல்லின்மேல் இருந்திருந்தால் என் முறைதான் பலித்திருக்க வேண்டும். கயிறு விட்ட கணத்தில் கல் எந்தத் திசையில் ஓடிக்கொண்டிருந்ததோ அந்தத் திசையிலேயே, வட்டத்தைத் தொட்டுச் செல்லும் கோட்டில் போகிறது. தாத்தா பள்ளிக்கூடம் போனவரில்லை.

மகளைக் கோபித்துக்கொள்ளாதீர்கள். 1659-ல் இதற்குக் கணக்குப் போட்ட டச்சு விஞ்ஞானி ஹைகன்ஸ் வெளிநோக்கிய இழுவையாகத்தான் பார்த்தார்; மையவிலக்கு என்ற பெயரே அவர் வைத்தது. இளம் நியூட்டனும் அப்படித்தான் யோசித்தார். 1679-ல் ராபர்ட் ஹூக் என்ற ஆங்கிலேய விஞ்ஞானி நியூட்டனுக்கு எழுதிய கடிதத்தில், கோளின் நேர்கோட்டு ஓட்டத்தோடு மையத்தை நோக்கிய இழுப்பைச் சேர்த்துப் பார்க்கச் சொன்னார். பிறகு 1687-ல் வந்த நியூட்டனின் பிரின்சிபியா என்ற நூலில் மையநோக்கு விசை நடுநாயகமாக நிற்கிறது. நிலா ஒவ்வொரு நொடியும் ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் ஓடுகிறது, அதற்குள் 1.4 மில்லிமீட்டர் அளவுக்குப் பூமியை நோக்கி விழுகிறது. அந்தச் சின்ன விழுதல்தான் அதன் பாதையை வளைக்கிறது.

மையவிலக்கு விசையைப் புத்தகங்கள் போலி விசை என்கின்றன. அந்தச் சொல் எனக்குப் பிடிப்பதில்லை, நீங்கள் சாய்ந்தது போலி இல்லையே. திரும்புகிற பஸ்ஸையே அசையாத தரையாக வைத்துக் கணக்குப் போட்டால் அந்த விசையைச் சேர்த்தே ஆக வேண்டும். அந்தக் கணக்கில் இரண்டும் சமம்தான். ஆனால் அங்கே நீங்கள் வட்டத்தில் சுற்றவில்லை, சீட்டில் சும்மா உட்கார்ந்திருக்கிறீர்கள். நோட்டு வரி ரோட்டோரம் நிற்பவரின் கணக்கையும் பஸ்ஸுக்குள் இருப்பவரின் கணக்கையும் ஒன்றாகக் கலந்துவிட்டது.

அடுத்த மழைக்கு மகளிடம் ஒரு நனைந்த குடையைக் கொடுங்கள். சிமென்ட் தரையில் விரித்து நிமிர்த்திப் பிடித்து, காம்பை வேகமாகச் சுழற்றட்டும். தரையில் விழும் ஈரக்கோடுகளைப் பின்னோக்கி நீட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். அவை காம்பு இருந்த இடத்துக்குப் போகாது, குடையின் விளிம்பை உரசிக்கொண்டு போகும்.