தலைவர் வர்ற வரைக்கும்

அன்புள்ள அண்ணனுக்கு,

வடிவேல் பாலாஜி பத்தி நீங்க எழுதுனத படிச்சேன். 2026 எலக்‌ஷன் தலைக்கு மேல நிக்கிறப்போ டிவி காமெடியன பத்தி எழுதணுமாண்ணே? அதுவும் நடிகர் வடிவேலு மாதிரி வேஷம் போட்டு, இன்னொருத்தர் முகத்த வச்சு பொழச்ச ஆளு. மதுரை பக்கம் பாரபத்தியில விஜய் கட்சி மாநாட்டுக்கு வந்த கூட்டம் ஓட்டா மாறுமா மாறாதா, அதச் சொல்லுங்க.

மேலூர்ல இருந்து ஒரு வாசகர்

தம்பி,

கூட்டம் ஓட்டா மாறுமான்னு 2005-ல விஜயகாந்த் இதே மதுரையில கட்சி ஆரம்பிச்சப்பவும் டீக்கடைக்கு டீக்கடை கேட்டாய்ங்க, 2011-ல அவர் எதிர்க்கட்சித் தலைவராவே உக்காந்தாரு, அப்புறம் என்னாச்சுன்னு உனக்கே தெரியும். அத விடு.

ஆனா "இன்னொருத்தர் முகத்த வச்சு பொழச்ச ஆளு"ன்னு எழுதியிருக்க பாரு, படிச்சதும் எனக்கு கோவம் வந்துருச்சு. நீ விஜய் டிவில வந்த 'அது இது எது' பாத்திருக்கியா இல்லையா? 'சிரிச்சா போச்சு' ரவுண்டுல எதிர்ல உக்காந்திருக்கவங்க சிரிக்கவே கூடாதுன்னு பல்லக் கடிச்சுக்கிட்டு இருப்பாங்க, சிரிச்சா தோத்தாங்க. அந்த மாதிரி ஆள்கிட்ட வடிவேலு கெட்டப்ப மட்டும் காட்டினா சிரிச்சுருவானா? எந்த எடத்துல நிறுத்தணும், எப்ப முகத்த தொங்கப்போடணும், யாரு உதடு லேசா துடிக்குதுன்னு பாத்து அவங்ககிட்ட போயி நிக்கணும், அதெல்லாம் வடிவேலு சொல்லிக் குடுத்ததா? பொம்பள வேஷத்துல வந்து நின்னாலும் சிரிக்க வச்சாரே, அது யாரு முகம்? பாலாஜி சொந்தமா சம்பாதிச்ச வித்தைய்யா அது, யோசிக்காம எழுதாத.

எலக்‌ஷன் நேரத்துல எதுக்குன்னு கேட்டேல்ல. உசிலம்பட்டி பக்கம் ஒரு கட்சிக் கூட்டம், எந்தக் கட்சின்னு வேணாம், எல்லாரும் ஒண்ணுதான். ஏழு மணிக்கு வரவேண்டிய தலைவர் பத்தாகியும் வரல. மிமிக்ரி பண்ற பையன்கிட்ட "தலைவர் வர்ற வரைக்கும் ஓட்டுங்க தம்பி"ன்னுட்டாய்ங்க. பாக்கெட்ல ஒரு சின்ன சீப்பு வச்சிருந்தான், அத வச்சு முடிய இப்பிடி இழுத்தா ஒரு நடிகர், அப்பிடி தள்ளுனா இன்னொருத்தர். தொண்ட கட்டிப்போச்சு, ஆனாலும் கூட்டம் கலையல, பொம்பளைங்க பிள்ளைகள மடியில போட்டுக்கிட்டு சிரிச்சுக்கிட்டு உக்காந்திருந்தாங்க. கார் சத்தம் கேட்டுச்சு, ஒருத்தர் வந்து பாதி வசனத்துல மைக்க பிடுங்கிட்டாரு. நான் பின்னாடி போய் பாத்தேன், ஜெனரேட்டர் பக்கத்துல ஆறிப்போன பரோட்டாவ தின்னுக்கிட்டு பாக்கி காசுக்கு நிக்கிறான். அத்தன நேரம் கூட்டத்த கட்டிப்போட்டவனுக்கு ஒரு சேர் இல்ல. இது அரசியல் இல்லாம வேற என்ன?

நம்ம பக்கம் பங்குனி, சித்திரை, ஆடி திருவிழாதான் இவங்களுக்கு அறுவடை. 2020-ல கொரோனான்னு அழகரே ஆத்துல இறங்கல, அப்ப மேடை ஏது, சம்பளம் ஏது. அந்த வருஷம் செப்டம்பர் 10-ல தான் பாலாஜி செத்தாரு, அம்பது வயசு கூட ஆகல. தனியார் ஆஸ்பத்திரி செலவு தாங்க முடியாம கவர்மெண்ட் ஆஸ்பத்திரிக்கு மாத்துனாங்கன்னு பேப்பர்ல படிச்சு அன்னைக்கு எனக்கு சோறு இறங்கல. 2025 செப்டம்பர்ல ரோபோ சங்கரும் போயிட்டாரு, அவரும் மதுரக்காரர்தான், உடம்பு பூரா பெயிண்ட் அடிச்சுக்கிட்டு ஊர் ஊரா ரோபோவா ஆடுனவரு. டிவியில தெரிஞ்ச முகத்துக்கே இந்த கதின்னா, டிவி பக்கமே போகாம கோயில் மேடையோட நிக்கிற ஆளுக எத்தன பேரு இருக்காய்ங்க, அவங்களுக்கு நோய் வந்தா யாரு பாப்பா?

உன்மேல கோவம் இல்லடா. வயசு, அப்பிடித்தான் கேப்ப. ஓட்டு கேட்டு வர்றவங்ககிட்ட, யாரா இருந்தாலும், தினக்கூலி மாதிரி மேடை ஏறுறவனுக்கு ஆஸ்பத்திரி செலவுக்கு என்ன வழி வச்சிருக்கீங்கன்னு கேளு, பதில எனக்கு எழுது. அப்புறம் உங்க ஊர் திருவிழாவுக்கு நைட் ப்ரோகிராம் வைப்பீங்கல்ல, கமிட்டியில சொல்லி பேசுன காச மேடை ஏறுறதுக்கு முன்னாடியே குடுக்கச் சொல்லு, சோறும் சூடா இருக்கணும்.