கவென்ட்ரிக்கு வந்திருக்கும் தம்பிக்கு

தம்பி, கோயம்புத்தூரில் மெக்கானிக்கல் படித்துவிட்டு இங்கிலாந்தில் கவென்ட்ரி நகரத்தில் வேலைக்குச் சேர்ந்திருக்கிறீர்கள். கார்களைப் பற்றி எழுதவும் நம் ஆட்களோடு சேர்ந்து ஏதாவது செய்யவும் ஆசை, இந்த நாட்டில் அதற்கு இடம் உண்டா என்று கேட்டிருந்தீர்கள். தாராளமாக உண்டு.

டெனிஸ் ஜென்கின்சனைப் பற்றித் தேடிப் படியுங்கள். பொறியியல் படித்தவர். போர்க்காலத்தில் ஃபார்ன்பரோ விமான ஆராய்ச்சி நிலையத்தில் வேலை பார்த்தார், பிறகு மோட்டார் ஸ்போர்ட் இதழின் நிருபரானார். 1955இல் இத்தாலியின் மில்லே மில்யா பந்தயத்தில் காரை ஓட்டிய பந்தய வீரர் ஸ்டிர்லிங் மாஸுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து போனவர் இவர்தான். கிட்டத்தட்ட 1,600 கிலோமீட்டர் பாதையின் வளைவு, மேடு எல்லாவற்றையும் முன்கூட்டியே நீளமான காகிதச் சுருளில் எழுதி, அதை ஓர் அலுமினியப் பெட்டிக்குள் வைத்து உருட்டி உருட்டிப் படித்தார். எஞ்சின் இரைச்சலில் பேச்சு கேட்காது என்பதால் எல்லாம் கைச்சாடைதான். 10 மணி நேரம் 7 நிமிடத்தில் முடித்து ஜெயித்தார்கள். அதைப் பற்றி அவர் எழுதிய கட்டுரையை இன்றும் ஆட்கள் தேடிப் படிக்கிறார்கள். வண்டிக்குள் இருந்தவன் எழுதியது அல்லவா!

அந்த இதழை நடத்திய பில் பாடி 1939இல் ஆஸ்டின் செவன் என்ற சின்னக் கார் வைத்திருப்பவர்களுக்காக ஒரு கிளப் தொடங்கினார். பெரிய பணம் இல்லாதவர்களும் பந்தயம் ஓட்ட வழி செய்த கிளப் அது. லோட்டஸ் கார் நிறுவனத்தை உருவாக்கிய காலின் சாப்மன் அங்கே ஓட்டி வளர்ந்தவர்தான். எழுத்தும் ஆள் சேர்ப்பதும் பாடிக்கு ஒரே வேலையாகத்தான் இருந்திருக்கிறது. உங்களுக்கும் அப்படித்தான் அமையும் என்று நினைக்கிறேன்.

புதிதாக வரும் நம் பிள்ளைகள் பழைய கார் வாங்கி ஏமாறுவதைப் பார்த்தால் எனக்கு வயிற்றெரிச்சலாக இருக்கிறது. பெயின்ட் பளபளப்பாக இருக்கும். குனிந்து அடிப்பக்கம் பார்த்தால் வண்டியைத் தாங்கும் இரும்புச் சட்டமான சப்ஃப்ரேம் துருவேறி உதிரும். குளிர்காலத்தில் ரோட்டில் போடும் உப்பு செய்கிற வேலை அது. கோயம்புத்தூரில் இதை யோசித்தே இருக்க மாட்டீர்கள். வண்டி நம்பரைப் போட்டால் அதன் எம்ஓடி (வண்டி ரோட்டில் ஓடத் தகுதியானதா என்று பார்க்கும் வருடாந்தரச் சோதனை) வரலாறு அரசு இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. போன வருடம் "லேசான துரு" என்று எழுதியவர் இந்த வருடம் என்ன எழுதியிருக்கிறார் என்று சேர்த்துப் படிக்க ஓர் எஞ்சினியர் கண் வேண்டும். டயர் பள்ளத்தின் ஆழம் 1.6 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது, இந்திய லைசென்ஸ் இங்கே குடியேறியதிலிருந்து 12 மாதம்தான் செல்லும் என்பதையெல்லாம் தமிழில் எழுதுங்கள். சனிக்கிழமை தமிழ்ப் பள்ளி வாசலில் பெற்றோர் காத்திருக்கும் நேரத்தில் வண்டிகளைப் பார்த்துச் சொல்லுங்கள். பத்துப் பேருக்கு உதவினால் பதினோராவது ஆள் தானே உங்களைத் தேடி வருவார்.

எழுதிக் காசு வாங்குவதற்கு முன் விசா விதியை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். அப்புறம், வாக்காளர் பட்டியலில் பெயரைச் சேர்த்துவிடுங்கள். காமன்வெல்த் நாட்டுக்காரர் என்பதால் இங்கே நமக்கு ஓட்டு உண்டு, பலருக்கு இது தெரிவதே இல்லை.