சுவிட்சை அணைத்த பிறகும் டெஸ்டர் எரிகிறதே?

கேள்வி: கூடத்தில் இருந்த பழைய டியூப் லைட்டைக் கழற்றிவிட்டு, பித்தளைத் தொங்கு விளக்கு ஒன்றை நானே மாட்டலாம் என்று ஏணியில் ஏறினேன். சுவிட்சை அணைத்த பிறகும் ஒரு ஒயரில் டெஸ்டர் எரிந்தது. பயந்து இறங்கிவிட்டேன். இன்னொரு சிக்கல்: விளக்கில் மூன்று ஒயர், கூரையிலோ இரண்டுதான். மிச்சமாகும் பச்சை ஒயரை டேப் சுற்றி விட்டுவிடலாமா?

பதில்: இறங்கினீர்களே, அதுதான் சரி. வயரிங் கற்க வரும் பிள்ளைகளிடம் நான் முதலில் எதிர்பார்ப்பதும் அந்தப் பயத்தைத்தான்.

சுவிட்ச் எப்போதும் மின்சாரத்தைக் கொண்டுவரும் ஃபேஸ் ஒயரில்தான் இருக்க வேண்டும். சில வீடுகளில் யாரோ அவசரத்தில், மின்சாரம் திரும்பிப் போகும் நியூட்ரல் ஒயரில் போட்டுவிட்டுப் போயிருப்பார்கள். அப்படியிருந்தால் விளக்கு ஒழுங்காக எரியும், ஒழுங்காக அணையும், ஒரு குறையும் வெளியே தெரியாது. ஆனால் அணைத்த பிறகும் ஹோல்டர் வரை முழு மின்சாரம் வந்து நிற்கும். பல்பு மாற்றப் போகிறவர் கையை வைப்பது அங்கேதான். உங்கள் வீட்டிலும் இதுவாகவே இருக்கலாம். பக்கத்து ஒயரிலிருந்து தூண்டப்பட்டு வரும் சிறு மின்னழுத்தத்துக்கும் டெஸ்டர் மங்கலாக எரிவதுண்டு. எதுவானாலும், மின்சாரம் இருக்கிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள். எலக்ட்ரீஷியனை அழைத்துச் சுவிட்சை ஃபேஸுக்கு மாற்றிய பிறகுதான் புது விளக்கு.

மாட்டும் நாளில் அந்த லைனின் எம்.சி.பி.யை (மின்னோட்டம் அளவு மீறினால் தானே விழுந்து லைனைத் துண்டிக்கும் போர்டு சுவிட்ச்) அணையுங்கள். எது எந்த லைன் என்று சந்தேகம் இருந்தால் மெயினையே அணைத்துவிடுங்கள். வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தால் இதை மறக்கவே கூடாது: மெயினை அணைத்ததும், கரண்ட் போய்விட்டது என்று எடுத்துக்கொண்டு இன்வெர்ட்டர் தன் மின்சாரத்தை அனுப்பத் தொடங்கிவிடும். அதில் இணைத்திருப்பது பெரும்பாலும் விளக்கு லைன்களைத்தான்! அதனால் அதையும் அணையுங்கள். வேலை முடியும்வரை யாரும் திரும்பப் போட்டுவிடாதபடி போர்டில் ஒரு காகிதம் எழுதி ஒட்டுங்கள்.

அப்புறம் சோதனை. டெஸ்டர் எரியவில்லை என்பதை மட்டும் நம்பாதீர்கள். அதிலுள்ள சின்ன நியான் விளக்கு உங்கள் உடம்பின் வழியாகப் போகும் மிகச் சிறிய மின்னோட்டத்தில் எரிவது. காய்ந்த மர ஏணியில் நின்றால் மங்கிப்போகும், பகல் வெளிச்சத்தில் கண்ணுக்கே தெரியாது. மின்சாரம் இருப்பது நிச்சயமான ஓரிடத்தில் முதலில் வைத்துப் பாருங்கள், பிறகு கூரை ஒயர்கள் ஒவ்வொன்றிலும் வையுங்கள், மறுபடி முதல் இடத்துக்கே வந்து டெஸ்டர் இன்னும் வேலை செய்கிறதா என்று பாருங்கள். மல்டிமீட்டர் இருந்தால் இன்னும் நல்லது. ஒயரின் நிறத்தைப் பார்த்து முடிவு செய்ய வேண்டாம். சிவப்பும் கறுப்பும் பழைய வழக்கம், பழுப்பும் நீலமும் புதிது. நடுவில் கையில் கிடைத்த ஒயரைப் போட்டவர்களும் உண்டு.

பச்சை ஒயர் எர்த், அதாவது கசியும் மின்சாரத்தை மண்ணுக்குக் கொண்டுபோகும் ஒயர். அதை டேப் சுற்றி விடக் கூடாது. உள்ளே ஒரு ஒயர் உரசி ஃபேஸ் பித்தளையில் பட்டால், எர்த் இல்லாத விளக்கின் உடம்பு முழுக்க மின்சாரம் காத்திருக்கும். எம்.சி.பி. காப்பாற்றும் என்று நினைக்காதீர்கள். விளக்கு லைனில் மின்னோட்டம் 6 அல்லது 10 ஆம்பியருக்கு மேல் போனால்தான் அது விழும். மனிதனைக் காக்கும் ஆர்.சி.சி.பி. (மின்கசிவைக் கண்டால் துண்டிக்கும் சுவிட்ச்) 30 மில்லி ஆம்பியர் கசிவுக்கே விழ வேண்டும். 6 ஆம்பியர் என்பது அதைப்போல் 200 மடங்கு. சிலர் எர்த்தை நியூட்ரலோடு முறுக்கிவிடச் சொல்வார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். நியூட்ரல் எங்காவது அறுந்தால் விளக்கின் உடம்பே ஃபேஸ் ஆகிவிடும். கூரைக்கு எர்த் ஒயர் இழுக்கச் சொல்லுங்கள். முடியாது என்றால் இந்த விளக்கு அங்கே வேண்டாம். சதுரத்துக்குள் சதுரம் போட்ட குறி உள்ள, எர்த் தேவைப்படாத விளக்காகப் பார்த்து வாங்குங்கள்.

எடையைத் தாங்க வேண்டியது கொக்கி; ஒயர் இல்லை. ஒயர்களை கனெக்டரில் திருகி, ஒவ்வொன்றையும் மெல்ல இழுத்துப் பாருங்கள். லூஸான இணைப்பு சூடேறித் தீப்பிடிக்கும்.

கேள்வி: எங்கள் எல்.இ.டி. பல்பு அணைத்த பிறகும் இரவில் லேசாக மினுங்குகிறது. ஆபத்தா?

பதில்: சுவிட்சில் சிவப்பு இண்டிகேட்டர் இருந்தால் அதன் வழியாகக் கசியும் மின்னோட்டமே காரணமாக இருக்கலாம், அதனால் ஆபத்தில்லை. இண்டிகேட்டர் இல்லையென்றால் மேலே சொன்ன நியூட்ரல் சுவிட்சைச் சந்தேகப்படுங்கள். அதைச் சரிபார்க்கும்வரை எம்.சி.பி.யை அணைக்காமல் அந்தப் பல்பைத் தொட வேண்டாம்.