சின்ட் மார்ட்டினில் ஒரு பகல்: கேள்வி பதில்

கிழக்குக் கரீபியன் பக்கம் போகும் சுற்றுலாக் கப்பல்கள் பெரும்பாலும் தொடும் தீவு இது. தெற்கே டச்சுப் பகுதி, வடக்கே பிரெஞ்சுப் பகுதி. 1648-இல் போட்ட பங்கீட்டிலிருந்து வந்த பிரிவு இது. கப்பல் வந்து நிற்பது டச்சுப் பக்கம், பிலிப்ஸ்பர்க் ஊரை ஒட்டிய பாயிண்ட் பிளாஞ்ச் துறையில்.

கேள்வி: காலை 8 மணிக்குக் கப்பல் வருகிறது, மாலை 5 மணிக்குக் கிளம்புகிறது. முழுசாக 9 மணி நேரம் இருக்கிறது, தீவு முழுவதையும் சுற்றிவிடலாமா சார்?

9 மணி நேரம் கிடைக்காது. கப்பல் 8 மணிக்குத் துறையை அடைந்தாலும், துறைமுக அனுமதி வந்து, வரிசையில் நின்று, நீங்கள் வாசலுக்கு வெளியே வர 8:45 ஆகிவிடும். திரும்ப ஏறக் கடைசி நேரம் பொதுவாகப் புறப்பாட்டுக்கு அரை மணி முன்னால், அதாவது 4:30. அதற்கும் ஒரு மணி நேரம் முன்பே, 3:30-க்கு, பிலிப்ஸ்பர்க் எல்லைக்குள் வந்துவிட வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். மிஞ்சுவது ஆறே முக்கால் மணி.

அந்த ஒரு மணி நேரத்தைத் தயவுசெய்து குறைக்காதீர்கள். மேற்கே விமான நிலையப் பக்கம் போகிறவர்கள் கோல் பே குன்றைத் தாண்டும் சாலையில்தான் திரும்ப வேண்டும். சிம்சன் பேயில் பாய்மரப் படகுகளுக்காகத் தூக்குப் பாலத்தைத் திறந்தால் வண்டிகள் அப்படியே நிற்கும். நான்கைந்து கப்பல்கள் சேர்ந்து நிற்கும் நாளில் பிற்பகல் நெரிசல் இன்னும் மோசம். தூரமான இடத்தைக் காலையிலேயே முடித்துவிட்டு, கப்பலை நோக்கி வந்தபடியே மற்றதைப் பாருங்கள்.

கேள்வி: கப்பல் நேரம், தீவு நேரம் என்கிறார்களே, எதை நம்புவது?

கப்பல் நேரத்தை மட்டும். தீவு ஆண்டு முழுக்க ஒரே நேரத்தில் இருக்கிறது, கிரீன்விச்சுக்கு 4 மணி பின்னால். நீங்கள் கப்பல் ஏறும் மயாமியில் குளிர்காலக் கடிகாரம் ஓடும் மாதங்களில் தீவு அதைவிட ஒரு மணி முன்னால் இருக்கும். கோடையில் இரண்டும் ஒன்று. சில கப்பல்கள் தீவு நேரத்துக்கு மாறும், சில மாறாது. கப்பல் மாறியிருக்க, உங்கள் கைக்கடிகாரம் மயாமி நேரத்திலேயே இருந்தால்தான் ஆபத்து: நீங்கள் 4:30 என்று நினைத்து வரும்போது கப்பலில் 5:30. இறங்கும் முன் கப்பலின் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக் கைக்கடிகாரத்தைச் சரிசெய்துகொள்ளுங்கள். ஃபோன் தானாகவே தீவு நேரத்துக்கு மாறிக்கொள்ளும் என்பதால் அதை நம்ப வேண்டாம்.

கேள்வி: மாஹோ கடற்கரையில் தலைக்கு மேல் விமானம் பார்க்க எத்தனை மணிக்குப் போகணும் அண்ணா? ஜம்போ விமானம் வருமா?

டச்சு விமான நிறுவனமான கேஎல்எம் தன் 747 ஜம்போவை 2016 அக்டோபரோடு இந்தத் தடத்திலிருந்து எடுத்துவிட்டது. ஆனாலும் ஐரோப்பாவிலிருந்தும் அமெரிக்காவிலிருந்தும் பெரிய விமானங்கள் வருகின்றன, பெரும்பாலும் நண்பகலை ஒட்டியும் அதற்குப் பிறகும். முந்தைய இரவே பிரின்சஸ் ஜூலியானா விமான நிலையத்தின் வருகைப் பட்டியலைப் பார்த்து, உங்கள் 3:30 கணக்குக்குள் எது அடங்குகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். பிற்பகல் 2 மணிக்கு மேல் இறங்கும் விமானத்துக்காகக் காத்திருக்க வேண்டாம்.

ஓடுபாதை கடற்கரைச் சாலையை ஒட்டியே தொடங்குகிறது. இங்கே காற்று கிழக்கிலிருந்து வீசும். விமானம் காற்றை எதிர்த்து இறங்க வேண்டும் என்பதால் மேற்கே கடல் பக்கமிருந்து உங்கள் தலைக்கு மேலாக வருகிறது. அதே காரணத்தால் கிளம்பும் விமானமும் கிழக்கு நோக்கி நிற்கும். அதன் வால் கடற்கரையைப் பார்த்திருக்கும். அந்த எஞ்சின் வீச்சு ஆளைத் தூக்கி எறியும். 2017 ஜூலையில் ஓடுபாதை வேலியைப் பிடித்து நின்ற நியூசிலாந்துப் பெண் ஒருவர் அப்படித்தான் இறந்தார். இறங்கும் விமானத்தை மணலில் நின்று பாருங்கள். கிளம்பும் விமானம் வந்து நின்றதும் வேலிக்கு நேரான இடத்தைவிட்டுப் பக்கவாட்டில் நன்றாக விலகுங்கள், குழந்தைகளையும் கூட்டிக்கொண்டு.

போக டாக்சியில் 30 முதல் 45 நிமிடம். மீட்டர் கிடையாது, அரசு நிர்ணயித்த கட்டணம். ஏறும் முன் "ஆளுக்கா, வண்டிக்கா" என்று கேளுங்கள். எண் பலகையில் 'பஸ்' என்று இருக்கும் சிற்றுந்துகள் மிக மலிவு. போவதற்கு அதில் ஏறலாம், திரும்ப வருவதற்கு வேண்டாம்.

கேள்வி: இரண்டு சின்னக் குழந்தைகள், கூட மாமியார். டாக்சி அலைச்சல் இல்லாமல் எதாவது?

பிலிப்ஸ்பர்க்கிலேயே கிரேட் பே கடற்கரை. துறையிலிருந்து நடந்தால் 20 முதல் 25 நிமிடம். வெயிலில் வயதானவர்களுக்குச் சிரமம், வாட்டர் டாக்சி படகில் போங்கள். அலை குறைவு, கரையோரம் சமதளமான நடைபாதை, ஒரு தெரு தள்ளிக் கடைகள். கடைசிப் படகு எத்தனை மணிக்கு என்று போகும்போதே கேட்டு வையுங்கள். உங்கள் குடும்பத்துக்கு இதுவே போதும், மாஹோவை விட்டுவிடுங்கள்.

கேள்வி: கப்பல் நிறுவனத்தின் சுற்றுலா விலை அதிகம். வெளியே பதிவு செய்தால் என்ன நஷ்டம்?

தாமதம்தான். கப்பல் விற்ற சுற்றுலா தாமதமானால் கப்பல் காத்திருக்கும், அல்லது அடுத்த துறைமுகத்துக்கு அவர்களே சேர்ப்பார்கள். நீங்களே போய்த் தவறவிட்டால் விமானச் செலவு உங்கள் தலையில். படகில் தொலைவு போவதென்றால் கப்பல் மூலம். கடற்கரைக்கு டாக்சி என்றால் வெளியே. வெளியே பதிவு செய்யும்போது "கப்பல் துறைக்கு வராவிட்டால் முழுப் பணமும் திரும்பும்" என்று எழுத்தில் இருக்கிறதா பாருங்கள். ஜூன் முதல் நவம்பர் வரை புயல் பருவம், துறைமுகம் மாறுவது சகஜம். கப்பலில் தினமும் தரும் நிகழ்ச்சித் தாளில் அச்சிட்டிருக்கும் துறைமுக முகவர் எண்ணைப் படம் எடுத்துக்கொண்டு இறங்குங்கள்.

கேள்வி: எச்1பி-யில் (அமெரிக்க வேலை விசா) இருக்கிறேன், இந்தியப் பாஸ்போர்ட். ஐ-797 அனுமதிக் கடிதம் செல்லுபடி, விசா முத்திரை காலாவதி. மயாமியில் ஏறி மயாமியிலேயே இறங்குகிறேன், பிரச்சினை இல்லைதானே?

பெரிய பிரச்சினை, முன்பணம் கட்டாதீர்கள். காலாவதியான முத்திரையோடு 30 நாளுக்குள் திரும்பலாம் என்ற சலுகை எச்1பி-க்குக் கனடாவுக்கும் மெக்சிகோவுக்கும் மட்டும்தான். கரீபியன் தீவுகளுக்கும் நீள்வது எஃப் (மாணவர்), ஜே (பரிமாற்றத் திட்டம்) விசாக்காரர்களுக்கு. அமெரிக்கக் குடிமக்கள் பிறப்புச் சான்றிதழோடு போய் வருவதைப் பார்த்து நாமும் போகலாம் என்று நினைக்கக் கூடாது.

கேள்வி: சைவச் சாப்பாடு? டாலர் போதுமா?

டாலர் போதும், சில்லறை நோட்டாக. பிரெஞ்சுப் பக்கம் யூரோ. பிலிப்ஸ்பர்க்கில் இந்திய வியாபாரிகள் நிறைய. சைவம் எங்கே என்று கடையிலேயே கேட்கலாம். பிரெஞ்சுப் பக்கம் கிராண்ட் காஸ் ஊரின் 'லோலோ' எனும் திறந்தவெளி உணவுக் கடைகளில் சோறும் பயறும் கிடைக்கும், அதில் இறைச்சிச் சாறு சேர்த்திருக்கலாம், கேட்டு வாங்குங்கள். கப்பலிலிருந்து பழமோ சமைத்த உணவோ கரைக்குக் கொண்டுவரக் கூடாது. மூடிய பிஸ்கட் பாக்கெட் பரவாயில்லை.

கேள்வி: கடற்கரையில் சின்னப் பச்சை ஆப்பிள் மாதிரி ஒரு காய் கிடக்குமாமே?

மான்சினீல். கடிக்கவே கூடாது, வாயும் தொண்டையும் வெந்து வீங்கும். மழை பெய்தால் அந்த மரத்தடியில் ஒதுங்கவும் கூடாது. இலையில் வழியும் பால் தோலில் கொப்புளம் போடும். பட்டுவிட்டால் உடனே சோப்பும் நிறைய நல்ல தண்ணீரும் போட்டுக் கழுவுங்கள், கண்ணைத் தேய்க்காதீர்கள், கப்பல் மருத்துவரிடம் காட்டுங்கள்.