வாசகர் கேள்வி – பதில்: அந்தக் காலத்துத் திருமணம்

கேள்வி: மதிப்பிற்குரிய அம்மா அவர்களுக்கு வணக்கம். வருகிற ஆனி மாதத்தில் என் ஒரே மகளுக்குத் திருமணம். நூறாண்டுகளுக்கு முந்தைய இங்கிலாந்துப் பிரபுக் குடும்பத்தின் கதையைச் சொல்லும் தொலைக்காட்சித் தொடர் ஒன்றை அவள் இரண்டு முறை முழுவதுமாகப் பார்த்துவிட்டு, தன் திருமணமும் 1913ஆம் ஆண்டுத் திருமணம் போலவே இருக்க வேண்டும் என்று பிடிவாதமாக இருக்கிறாள். அதற்காகக் கரும்புத் தோட்ட முதலாளி ஒருவர் வாழ்ந்த பழைய மாளிகையையும் பார்த்து வைத்திருக்கிறாள். லேஸ் வைத்த உடை, வெள்ளிப் பாத்திரத்தில் மாலைத் தேநீர் என்று அவளுடைய ஆசைகள் நீள்கின்றன. மாப்பிள்ளை வீட்டார் மறுப்பேதும் சொல்லவில்லை. ஆனால், 84 வயதான என் மாமியார் அந்த மாளிகையின் பெயரைக் கேட்டதும் எழுந்து உள்ளே போய்விட்டார். அதன் பிறகு திருமணப் பேச்சை எடுத்தாலே வாய் திறப்பதில்லை. அவருடைய ஆயா, அதாவது பாட்டி, இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலியாக இந்தத் தென்னாப்பிரிக்காவுக்கு வந்தவர். மகளின் ஆசையும் கெடாமல், பெரியவர் மனமும் நோகாமல் இத்திருமணத்தை நடத்த வழியுண்டா?

— ஒரு தாய், சாட்ஸ்வொர்த்

பதில்: சகோதரி, உங்கள் மகளின் ஆசையைக் குறைத்து மதிப்பிட வேண்டாம். கையால் பின்னிய லேஸையும், நிதானமாகக் கழியும் ஒரு பிற்பகலையும் ஒரு பெண் விரும்புகிறாள் என்றால், ஐந்நூறு பேரை மண்டபத்தில் அடைத்து, ஒலிபெருக்கியை அலறவிட்டு, மூன்று மணி நேரத்தில் முடித்து அனுப்பும் இன்றைய திருமணங்களில் ஏதோ ஒன்று அவளுக்குக் குறையாகப் பட்டிருக்கிறது. எனக்கும் அது குறையாகத்தான் படுகிறது. ஆனால், அவள் தேர்ந்தெடுத்திருக்கும் ஆண்டைப் பற்றி அவளிடம் சொல்ல வேண்டிய செய்தி ஒன்று உண்டு. அதை விட்டுவிட்டு உடையைப் பற்றியும் உணவைப் பற்றியும் மட்டும் எழுதினால் என் பதில் அரைகுறையாகிவிடும்.

1913ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில், இந்தியாவிலிருந்து வந்திறங்கிய பாய் மரியம் என்ற முஸ்லிம் பெண்ணின் வழக்கில், கேப் உச்ச நீதிமன்ற நீதிபதி சேர்ல் ஒரு தீர்ப்பு அளித்தார். கிறித்தவ முறைப்படி நடந்து, முறையாகப் பதிவான திருமணங்களுக்கே சட்ட மதிப்பு உண்டு என்ற பொருளை அத்தீர்ப்பு தந்தது. அக்கினி சாட்சியாகத் தாலி கட்டிக்கொண்ட நம் வீட்டுப் பெண்கள் ஒரே நாளில் சட்டத்தின் கண்ணில் மனைவியர் அல்லாதவர் ஆனார்கள். அவர்கள் பெற்ற பிள்ளைகளின் வாரிசுரிமையும் கேள்விக்குள்ளாயிற்று. ஒப்பந்தம் முடிந்தும் ஊர் திரும்பாமல் தங்கியவர்கள் ஆண்டுதோறும் கட்ட வேண்டியிருந்த 3 பவுண்டு வரியால் ஏற்கெனவே நொந்திருந்த சமூகத்துக்கு இது பொறுக்க முடியாத அவமானம். அவ்வாண்டின் பிற்பகுதியில் ஜோகன்னஸ்பர்க் பகுதியைச் சேர்ந்த தமிழ்ப் பெண்கள், சிலர் கைக்குழந்தையோடு, நேட்டால் மாகாண எல்லையைக் கடந்து நியூகாசிலுக்குச் சென்று, அங்கிருந்த நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்களை வேலைநிறுத்தத்துக்கு அழைத்துச் சிறை புகுந்தார்கள். தில்லையாடி வள்ளியம்மை மாரிட்ஸ்பர்க் சிறையிலிருந்து கடுங்காய்ச்சலோடு வெளியே வந்து, 1914 பிப்ரவரி 22 அன்று, தன் 16ஆம் வயதில் இறந்தது இந்தப் போராட்டத்தில்தான். அதே ஆண்டில் நிறைவேறிய இந்தியர் நிவாரணச் சட்டம் அந்த வரியை நீக்கியது. நம் சமயக் குருமார்களைத் திருமண அலுவலர்களாக நியமிக்கவும், ஏற்கெனவே இல்லறம் நடத்தி வந்த தம்பதியர் தங்கள் திருமணத்தைப் பதிவு செய்துகொள்ளவும் இடமளித்தது. உங்கள் மகள் ஆசைப்படும் ஆண்டில், நம் பெண்கள் தங்கள் கழுத்தில் ஏற்கெனவே இருந்த தாலிக்காகச் சிறைக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். இதை அவளிடம் கண்டிப்பாகச் சொல்லாமல், ஒரு கதையைச் சொல்வது போல உட்கார்ந்து சொல்லுங்கள். அந்தக் காலத்தின் மீது உண்மையான விருப்பம் உள்ளவள் இதைக் கேட்டு முகத்தைத் திருப்பிக்கொள்ள மாட்டாள்.

மாளிகைக்கு வருகிறேன். 1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து ட்ரூரோ கப்பல் டர்பனில் கரை சேர்ந்தது முதல் 1911 வரை, ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர்கள் ஒப்பந்தத்தில் நேட்டாலுக்கு வந்தார்கள். அவர்களில் மிகப் பலர் கரும்புத் தோட்டங்களுக்கே அனுப்பப்பட்டார்கள். ஒப்பந்தக் காலம் ஐந்து ஆண்டு. ஆணுக்கு முதலாண்டில் மாதம் 10 ஷில்லிங் கூலி, பெண்ணுக்கு அதில் பாதி. மாளிகையின் வராந்தாவில் வெள்ளிக் கெண்டியிலிருந்து தேநீர் ஊற்றப்பட்ட அதே மாலையில், தொழிலாளர் குடியிருப்பான பேரக்ஸில் அளந்து கொடுத்த அரிசியையும் பருப்பையும் கொண்டு யாரோ ஒருத்தி அடுப்பு மூட்டிக்கொண்டிருந்தாள். உங்கள் மாமியாரின் ஆயா எந்தத் தோட்டத்தில் வேலை செய்தார் என்று உங்களுக்குத் தெரியுமா? அவருடைய மௌனத்துக்கு விடை அந்தக் கேள்வியில் இருக்கக்கூடும். ஆகவே, சம்மதம் கேட்பதற்காக அவரிடம் போகாதீர்கள். பேத்தியை அனுப்பி, "ஆயா, உங்கள் ஆயா எந்த ஊர், எந்தத் தோட்டத்துக்கு வந்தார்கள், அவர்கள் கல்யாணம் எப்படி நடந்தது?" என்று மட்டும் கேட்கச் சொல்லுங்கள். பதில் வரச் சில நாட்கள் ஆகலாம்.

என் கருத்தைக் கேட்டால், அந்த மாளிகையில் தாலி கட்ட வேண்டாம். முன்பணம் கொடுத்தாகிவிட்டது என்றாலும் நான் இதையேதான் சொல்வேன். மாலை விருந்தை அங்கே வைக்கலாமா என்பதை மாமியார் முடிவு செய்யட்டும். அவர் மனம் வந்து சரி என்றால் நமக்கு மறுப்பில்லை. முகூர்த்தத்துக்கு, கரும்புக் காட்டில் உழைத்தவர்கள் கும்பிட்ட கோயில்கள் நேட்டாலின் வடகடற்கரைப் பகுதியில் இன்றும் இருக்கின்றன. மவுன்ட் எட்ஜ்கும்பில் கிஸ்தப்ப ரெட்டி என்ற கோயிற்கலைஞர் கட்டிய பிள்ளையார் கோயில் அவற்றுள் ஒன்று. தொடரில் வரும் காலத்தின் பழமை அந்தச் சுவர்களுக்கும் உண்டு. உங்கள் மகள் ஒருமுறை காலை வெயிலில் அங்கே போய் நின்று பார்க்கட்டும்.

இடம் மாறினாலும் ஆண்டை மாற்றத் தேவையில்லை. அந்நாளைய புகைப்படங்களில் நம் பெண்கள் சிலர், கழுத்தை ஒட்டி உயர்ந்த, முழங்கை வரையோ மணிக்கட்டு வரையோ கை நீண்ட, ஓரத்தில் லேஸ் தைத்த ஜாக்கெட் அணிந்து, தோளில் புரோச் குத்திப் புடவை உடுத்தியிருப்பதைக் காணலாம். அரக்கு நிறக் காஞ்சிப் பட்டோடு பழுப்பு வெள்ளை லேஸ் மிக நன்றாகப் பொருந்தும். பளீரென்ற வெள்ளை லேஸ் புதுத் துணி போலத் தெரியும், தவிர்க்கவும். மாப்பிள்ளைக்கு வேட்டி, அதன் மேல் கழுத்து மூடிய கோட்டு, தலைப்பாகை, சட்டைப்பையில் சங்கிலியோடு கடிகாரம் போதும். தேநீருக்கு வெள்ளிப் பாத்திரம் வைத்துக்கொள்ளுங்கள். அதனுடன் வடையும் முறுக்கும் சொஜ்ஜியும் வைத்தால் பெரியவர்களும் கை நீட்டுவார்கள். ஆனி மாதத்தில் டர்பனில் மாலை ஐந்து மணிக்கே பொழுது சாய்ந்துவிடும் என்பதால், வெளிச்சத்தில் படம் எடுக்க வேண்டுமானால் தேநீரை மூன்று மணிக்குள் தொடங்குங்கள்.

அழைப்பிதழைப் பற்றி ஒரு வேண்டுகோள். ஒப்பந்தத்தில் வந்த ஒவ்வொருவரும் கப்பல் பதிவேட்டில் ஓர் எண்ணோடு பதியப்பட்டார்கள். பெயர், தந்தை பெயர், வயது, சாதி, மாவட்டம், கிராமம், உடலில் உள்ள தழும்பு அல்லது மச்சம் என்று ஒரே வரியில் ஒரு மனிதர் முழுவதும் அடங்கியிருப்பார். டர்பன் ஆவணக் காப்பகத்தில் உள்ள இப்பதிவேடுகளில், குடும்பத்தில் யாருக்காவது அந்த எண் நினைவிருந்தால் தேடுவது எளிது. அந்த வரி கிடைத்தால், அதில் உள்ள பெயரையும் ஊரையும் அழைப்பிதழில் மணமகளின் முன்னோராக அச்சிடுங்கள். எண்ணை அச்சிட வேண்டாம். அது காலனி அரசு இட்ட அடையாளம்.

இறுதியாகச் சட்டம். உங்கள் குருக்கள் அரசால் நியமிக்கப்பட்ட திருமண அலுவலரா என்று இப்போதே கேட்டுக்கொள்ளுங்கள். இல்லையென்றால், எவ்வளவு சிறப்பாகச் சடங்கு நடந்தாலும் சட்டப்படி திருமணம் பதிவாகாது. இன்றும் நம் குடும்பங்கள் பலவற்றில் இந்தக் கவனக்குறைவு நேர்கிறது. 1961ஆம் ஆண்டுத் திருமணச் சட்டம், வழிபாட்டு இடத்திலோ அரசு அலுவலகத்திலோ குடியிருப்பு வீட்டிலோ, கதவுகள் திறந்திருக்க, இரண்டு சாட்சிகளின் முன்னிலையில் திருமணம் நடக்க வேண்டும் என்கிறது. தோட்டத்து மரத்தடியில் கையெழுத்திடும் காட்சி தொடரில் அழகாக இருந்தாலும், அதைக் கூரைக்கு அடியில் வைத்துக்கொள்ளுங்கள். பதிவேட்டில் சாட்சியாக உங்கள் மாமியார் கையெழுத்திட்டால் நான் மிகவும் மகிழ்வேன்.

கேள்வி: என் அம்மாயியின் கூறைப்புடவை பெட்டியில் இருக்கிறது, எழுபது ஆண்டுகள் இருக்கும். பழங்காலப் பாணியில் நடக்கும் என் திருமணத்துக்கு அதையே உடுத்த விரும்புகிறேன். ஜரிகை சற்றுக் கறுத்திருக்கிறது. எலுமிச்சையோ புளியோ தேய்த்தால் பளபளக்கும் என்கிறார்களே?

— ஒரு மணமகள், பீட்டர்மாரிட்ஸ்பர்க்

பதில்: தயவுசெய்து எதையும் தேய்க்காதீர்கள், மகளே. அசல் ஜரிகை என்பது சிவப்புப் பட்டு நூலின் மேல் வெள்ளி இழையைச் சுற்றி, அதன் மேல் பொன் முலாம் பூசியது. முலாம் தேய்ந்த இடத்தில் வெள்ளி காற்றுப் பட்டுக் கறுக்கிறது. புளியின் அமிலம் கறுப்போடு சேர்த்து மிச்சமுள்ள முலாமையும் எடுத்துவிடும், பட்டையும் கெடுக்கும். அந்தக் கறுப்பு புடவையின் வயது, அப்படியே இருக்கட்டும்.

ஜரிகையைவிட மடிப்பைத்தான் கவனிக்க வேண்டும். என் தங்கை மகளின் திருமணத்தில் எங்கள் பாட்டியின் புடவையை நானே எடுத்து, சுருக்கம் போகட்டும் என்று சூடான இஸ்திரிப் பெட்டியால் அழுத்தித் தேய்த்து உடுத்திவிட்டேன். பெரியவர்களை வணங்க அவள் குனிந்தபோது, காய்ந்த இலையை மடித்தது போல மெல்லிய ஓசை ஒன்று கேட்டது. முழங்காலுக்கு மேலே, ஆண்டுக்கணக்கில் ஒரே இடத்தில் மடிந்திருந்த கோட்டில், ஒரு முழ நீளத்துக்குப் பட்டு பிளந்துவிட்டது. அந்தப் பிளவைத் தைக்கவும் முடியவில்லை. ஊசி போன இடமெல்லாம் நூல் பொடியாக உதிர்ந்தது. பாட்டி பத்திரமாக வைத்திருந்ததை நான் ஒரு காலையில் கெடுத்தேன் என்ற வருத்தம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

ஆகவே, புடவையை முழுவதுமாகப் பிரித்து, பகல் வெளிச்சத்துக்கு எதிரே ஒவ்வொரு மடிப்பாகப் பிடித்துப் பாருங்கள். மடிப்புக் கோட்டில் ஊசிமுனை அளவு வெளிச்சப் புள்ளிகள் தெரிந்தால் அதை உடுத்தக் கூடாது; தாம்பூலத் தட்டில் வைத்து மணவறையில் உங்கள் அருகில் வைத்துக்கொள்ளுங்கள். துணி உறுதியாக இருந்தால், உட்புறம் மெல்லிய பருத்தித் துணியைத் தளர்வாகத் தைத்துக் கொடுக்கச் சொல்லி, மாலை வரவேற்பில் ஒரு மணி நேரம் உடுத்தலாம். நலங்கின்போது வேண்டாம், மஞ்சளும் வியர்வையும் பட்டால் பிறகு ஒன்றும் செய்ய இயலாது. திருமணம் முடிந்ததும் வெளுக்காத பருத்தித் துணியில் சுற்றி, நாப்தலின் உருண்டை நேரடியாகப் படாமல் வைத்து, சில மாதங்களுக்கு ஒருமுறை மடிப்பை மாற்றி வையுங்கள்.

கேள்வி: தம்பியின் திருமணத்தைப் பழைய காலத்துத் திருமணம் போல நடத்துகிறோம். கைப்பிடி சுற்றும் கிராமபோன் ஒன்று கிடைத்திருக்கிறது. நாதஸ்வரக் குழுவை அழைக்காமல், பழைய நாதஸ்வர இசைத்தட்டுகளையே முகூர்த்தத்துக்குப் போட்டுவிடலாமா?

— ஒரு வாசகர், டோங்காட்

பதில்: வேண்டாம், ஐயா. 78 சுற்று இசைத்தட்டின் ஒரு பக்கம் ஏறத்தாழ மூன்று நிமிடம்தான் ஓடும். மின்சாரம் இல்லாத கிராமபோனின் ஒலி முதல் இரண்டு வரிசைகளைத் தாண்டாது. எஃகு ஊசியைப் பக்கத்துக்கு ஒருமுறை மாற்றாவிட்டால் தட்டு தேய்ந்துவிடும். டி.என். ராஜரத்தினம் பிள்ளையின் தோடியை நீங்கள் வைத்திருந்தால் அது 1930களின் இசை என்பதையும் நினைவில் வையுங்கள். மற்ற ஏற்பாடுகளை 1910களுக்கு என்று செய்துவிட்டு இதை நடுவில் வைத்தால் பொருந்தாது.

இவை எல்லாவற்றையும்விட முக்கியமான காரணம் கெட்டிமேளம். குருக்கள் கையை உயர்த்தும் கணத்தில் தவில்காரர் அவரைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். மணமகனின் கை நடுங்கி முதல் முடிச்சு தாமதமானால் மேளமும் அவனுக்காக நீள வேண்டும். கிராமபோனைப் பந்தி முடிந்து தாம்பூலம் கொடுக்கும் இடத்தில், வாசலருகே ஒரு சிறிய மேசையில் வையுங்கள். உள்ளிருக்கும் சுருள்வில் தளரும்போதெல்லாம் கைப்பிடியைச் சுற்றுவதற்குப் பொறுமையான பையன் ஒருவனை நிறுத்தி, ஒரு பெட்டி ஊசியும் கொடுத்துவிடுங்கள்.