எழுத எழுத மனம் கனக்கிறது என்றால்

அப்பாவின் மரணத்தைப் பற்றி எழுதினால் அழுகை வருகிறது, நிறுத்திவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அழுகை வருகிறது என்பதற்காக நிறுத்த வேண்டாம். ஆனால் அப்பா இறந்த அந்த ஒரு இரவையே மாதக்கணக்கில் தினமும் எழுதுகிறீர்களே, அதை நிறுத்துங்கள். 1986இல் உளவியல் ஆய்வாளர்கள் பென்னிபேக்கரும் பீலும் வெளியிட்ட ஆய்வில் மாணவர்கள் தங்கள் மனக்காயங்களைப் பற்றி எழுதியது தொடர்ந்து 4 நாள், தினம் 15 நிமிடம், அவ்வளவுதான். அவர்களுக்கும் எழுதிய உடனே மனம் கனத்தது. பலன் பிந்தைய மாதங்களில்தான் தெரிந்தது.

உங்கள் கதை நகராமல் ஒரே இடத்தில் சுற்றுகிறது என்று நினைக்கிறேன். முதலில் எழுதியதையும் கடைசியாக எழுதியதையும் சேர்த்து வைத்துப் படியுங்கள். ‘அதனால்’, ‘இப்போது புரிகிறது’ மாதிரியான சொற்கள் கூடியிருக்கின்றனவா? இல்லையென்றால், அந்த இரவுக்கு முந்தைய வருடங்களை எழுதுங்கள். அல்லது நெருங்கியவர் யாரிடமாவது வாய்விட்டுச் சொல்லுங்கள். அவர் குறுக்கே கேட்கும் கேள்வியே சில சமயம் கதையை நகர்த்திவிடும்.

தூக்கம் கெட்டு, அந்தக் காட்சி தானாகவே திரும்பத் திரும்ப வந்தால், நோட்டை மூடிவிட்டு மனநல மருத்துவரைப் பாருங்கள்.