லைக் போடாமலே எனக்குப் பிடித்தது போனுக்கு எப்படித் தெரிகிறது?

"நான் லைக் போடுவதில்லை, எதையும் தேடுவதும் இல்லை. ஆனாலும் எனக்கேற்ற வீடியோவாக வருகிறதே, போன் ஒட்டுக்கேட்கிறதா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

ஒட்டுக்கேட்கத் தேவையே இல்லை. விரல் எங்கே நின்றது, எதைப் பாதியில் தள்ளிவிட்டீர்கள், எதைத் திரும்பப் போட்டீர்கள் என்ற கணக்கே போதும். தலைப்பை நம்பி உள்ளே வந்தவர்கள் உடனே வெளியேறுவதைப் பார்த்து, யூடியூப் 2012-லேயே கிளிக்கைவிட, வீடியோவைப் பார்த்த நேரத்துக்கு அதிக மதிப்புக் கொடுக்கத் தொடங்கிவிட்டது.

யாருக்கு எந்த வீடியோவைக் காட்டலாம் என்று ஊகிக்கும் பரிந்துரை நிரல் எழுதுவதுதான் என் வேலை. ஆனால் அதன் குறை எனக்கு உறைத்தது வேலூரில் ஓர் ஆஸ்பத்திரி வராந்தாவில். குடியாத்தத்திலிருந்து அப்பாவைக் கொண்டுவந்து சேர்த்திருந்தோம். தூக்கம் வராமல் விடிய விடிய சிறுநீரக வீடியோக்களைப் பார்த்தேன். ஒன்றைக்கூடப் பாதியில் விடவில்லை, சிலவற்றை மூன்று தடவை பார்த்தேன். அத்தனையும் பயம். அப்பா தேறி, வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பேப்பர் படிக்க ஆரம்பித்த பிறகும் போனைத் திறந்தால் டயாலிசிஸ்தான் வந்தது. பயந்து பார்த்த நிமிடமும் ரசித்துப் பார்த்த நிமிடமும் அந்தக் கணக்கில் ஒன்றுதான்.

இது துறைக்குத் தெரியாததும் அல்ல. ஹூ, கோரன், வோலின்ஸ்கி என்ற மூன்று ஆய்வாளர்கள் 2008-இல் எழுதிய கட்டுரை இதைத் தெளிவாகவே சொல்கிறது: பார்த்த நேரம் பிடித்ததற்கான மதிப்பெண் அல்ல, 'பிடித்திருக்கலாம்' என்ற ஊகத்தை எவ்வளவு நம்பலாம் என்பதன் அளவு. பார்க்காமல் விட்டதும் பிடிக்காதது என்று ஆகிவிடாது, கண்ணிலேயே படாமல் இருந்திருக்கலாம்.

எங்கள் அம்மா இலவம்பாடி முள் கத்திரிக்காயைக் கையில் எடுத்துக் காம்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தால், கடைக்காரர் "முத்தல் இல்லம்மா, காலைல பறிச்சது" என்பார். விலை கேட்டுவிட்டுக் கீழே வைத்தால், "அரைக் கிலோ போடட்டுமா?" அவரும் சைகையைத்தான் படிக்கிறார். ஆனால் முகத்தையும் பார்க்கிறார், வாய்விட்டும் கேட்கிறார். தப்பாக ஊகித்திருந்தால் அம்மா அங்கேயே சொல்லிவிடுவார். நாங்கள் எழுதும் நிரல்களும் அப்படி நடுநடுவே கேட்க வேண்டும் என்று அலுவலகத்தில் இப்போது விடாமல் வாதாடுகிறேன்.

அதுவரை நீங்கள் செய்யக்கூடியது: பல ஆப்களில் 'ஆர்வமில்லை' என்று ஒரு பட்டன் இருக்கிறது, தயங்காமல் அழுத்துங்கள். அப்புறம், பார்த்தவற்றின் பட்டியலுக்குப் போய் வேண்டாதவற்றை நீக்குங்கள். அந்த ஆஸ்பத்திரி வாரத்தை நான் அப்படித்தான் அழித்தேன்.